ஏர்வே போட்டாயிற்று, காற்று போகிறதா?

மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் முகத்தில் மாஸ்கை வைத்து, காற்றைச் செலுத்தும் பையை அழுத்துகிறார்கள், நெஞ்சு உயரவில்லை. கேட்டால், "ஏர்வே போட்டாயிற்றே!" என்கிறார்கள். ஏர்வே என்பது நாக்கு பின்னால் விழாமல் தாங்க வாய்க்குள் வைக்கும் வளைந்த பிளாஸ்டிக் துண்டு. இந்தப் பதிலை இந்த வாரமும் கேட்க நேர்ந்ததால்தான் எழுதுகிறேன்.

ஏர்வே வகைகளில் குயிடல் நல்லதா, பெர்மன் நல்லதா என்று பயிற்சி மருத்துவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். குயிடலுக்கு நடுவே துளை. பெர்மனுக்கு இரு பக்கமும் திறந்த வாய்க்கால். அவ்வளவுதான். ஆர்தர் குயிடல் 1933இல் விவரித்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. நம் கைகள்தான் சோம்பேறியாகிவிட்டன.

ஏர்வே நாக்கைத்தான் தாங்கும். மயக்கத்தில் தளர்வது நாக்கு மட்டுமா? மென் அண்ணம் சரிகிறது, குரல்வளை மூடியும் பின்னால் சாய்கிறது. இவற்றை விலக்கி வழிவிடுவது தாடையைத் தூக்கிப் பிடித்திருக்கும் உங்கள் விரல்கள். ஏர்வே உள்ளே போனதும் அந்த விரல்களைத் தளர்த்தினால், எந்த நிறுவனத்தின் ஏர்வேயும் காப்பாற்றாது. ஒரு கை போதவில்லையென்றால் இரு கைகளாலும் மாஸ்கைப் பிடியுங்கள். பையை இன்னொருவர் அழுத்தட்டும். இதில் என்ன கௌரவக் குறைச்சல்? வலுவாக அழுத்தி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அழுத்தம் 20 செ.மீ. நீர் அளவைத் தாண்டினால் காற்று இரைப்பைக்குள் போகத் தொடங்கும்.

அளவுக்கு ஒரு நிறம் என்று வரும் ஏர்வேயை நிறத்தைப் பார்த்து எடுப்பது அளவெடுப்பது ஆகாது. முன்பல்லிலிருந்து தாடைக் கோணம் வரை வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 100 மி.மீ.க்குள் அமைந்துவிடும். குட்டையானது நாக்கையே பின்னால் தள்ளும். நீளமானது குரல்வளை மூடியை அமுக்கி வழியை அடைக்கும்.

மயக்கம் ஆழமாகும் முன்பே வாயில் திணிக்காதீர்கள். ஓங்கரிப்பு, வாந்தி, குரல்வளை இறுக்கம் எல்லாம் வரும். அந்த நேரத்தில் மூக்குவழி ஏர்வேயை நோயாளி ஓரளவு பொறுத்துக்கொள்வார். ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு இருக்கலாம் என்ற சந்தேகமோ இரத்தம் உறைவதில் கோளாறோ இருந்தால் மூக்கைத் தொடாதீர்கள். வாய்வழி ஏர்வேயைப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் குழந்தைகளுக்குத் தலைகீழாக நுழைத்துச் சுழற்ற வேண்டாம், அண்ணம் காயப்படும். நாக்கை அழுத்திக்கொண்டு நேராகவே வையுங்கள். கண் எப்போதும், வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் திரையில் காட்டும் அலையின் மீது இருக்கட்டும். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் குறைந்ததைத் தாமதமாகத்தான் சொல்லும்.

அறுவை சிகிச்சைக்கு வருபவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பல் ஆடினால் மறைக்காதீர்கள்; நாங்கள் வைக்கும் பிளாஸ்டிக் அந்தப் பல்லில்தான் இடிக்கும். அடர்ந்த தாடி இருந்தால் மாஸ்க் சரியாகப் பதியாது. குறட்டை விடுவீர்களா என்று கேட்பது கேலிக்காக அல்ல. தெரியவில்லையென்றால், பக்கத்தில் தூங்குபவரைக் கேட்டுவந்து சொல்லுங்கள்.