பன்முகத்தன்மையா, பல்வகைமையா?

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுக்கும் கூட்டரசுக்கும் இடையே 2025இல் மூண்ட நிதித் தகராறு பற்றிய தமிழ்ச் செய்திகளில், ‘பன்முகத்தன்மைக் கொள்கையைக் கைவிடாத பள்ளிகளுக்கு நிதி நிறுத்தம்’ என்பது போன்ற வாக்கியங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அத்தகைய செய்தியைப் படித்துவிட்டு, “பாட்டும் ஓவியமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தால் பணம் தரமாட்டார்களாமே, இது என்ன அநியாயம் தம்பி?” என்று கேட்டார். மாணவரின் பன்முகத் திறனை வளர்க்க வேண்டும் என்று பணிக்காலம் முழுவதும் சுற்றறிக்கைகளில் படித்தவர், வேறெப்படிப் பொருள் கொள்வார்?

இச்செய்திகளில் பன்முகத்தன்மை என்று பெயர்க்கப்படும் டைவர்சிட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், ‘வெவ்வேறு பக்கம் திரும்புதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினை. கல்வித்துறையில் அச்சொல் குறிப்பது, பல இனத்தவரும் பல மொழியினரும் பல பின்னணியினரும் ஒரே வகுப்பறையில் கலந்திருப்பதை. அதற்குச் சட்ட எடை சேர்த்தது, ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில் 1978இல் வந்த தீர்ப்பு. மருத்துவக் கல்லூரியொன்று 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியது செல்லாது, ஆனால் மாணவர்களிடையே இத்தகைய கலப்பு அமைவதற்காக இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்று அமைந்தது அத்தீர்ப்பு. 2023இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் ஏறக்குறைய அடைத்தது.

இனி, பன்முகத்தன்மைக்கு வருவோம். பன்முகம் என்றாலே பொருள் ஒன்று, அதன் முகங்கள் பல. ஆறுமுகனுக்கு முகம் ஆறு, ஆனால் ஆள் ஒருவர்தான். பன்முக ஆளுமை, பன்முக வித்தகர் என்று எழுதும்போது நாம் சுட்டுவதும் ஒருவரைத்தான். இலத்தீன் வேரில் ‘திரும்புதல்’ இருப்பதாலும், ‘கிழக்கு முகமாக’ என்பதைப்போல் முகம் தமிழில் திசையையும் குறிப்பதாலும் இம்மொழிபெயர்ப்பு வேர்வரை பொருந்துகிறது என்று வாதிடுவோர் உண்டு. கெட்டிக்காரத்தனமான வாதந்தான். ஆனால் படிப்பவர் இலத்தீன் வேரைத் தோண்டிப் பார்த்துப் பொருள்கொள்வதில்லை, தமக்குப் பழகிய வழக்கிலிருந்தே கொள்கிறார். அவ்வழக்கு பள்ளிச் சூழலில் அவரை நேரே தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. டைவர்சிட்டிக்குச் சிலர் எழுதும் பன்மைத்துவம் என்பதோ கருத்துகளின் பன்மையை ஏற்கும் கோட்பாட்டுக்கே பொருந்தும். அதிலும் பன்மையிலேயே ‘மை’ இருக்கையில் பின்னால் ஒரு ‘துவம்’ எதற்கென்று விளங்கவில்லை.

டைவர்சிட்டிக்கு நான் முன்வைப்பது பல்வகைமை. இச்சொல்லை நாம் புதிதாய்ப் படைக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் உயிர்ப் பல்வகைமை என்றே எழுதுகின்றன. வகைமை இலக்கியத் திறனாய்வில் ‘இலக்கிய வகை’ என்ற வேறு பொருளில் வழங்குகிறதே என்பர். முன்னால் ‘பல்’ சேர்ந்தபின் அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

இச்செய்திகளில் பிழை இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. டைவர்சிட்டியோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்க்ளூஷனை ‘உள்ளடக்கம்’ என்கிறார்கள். உள்ளடக்கம் புத்தகத்தில் இருப்பது. இங்கே வேண்டியது ‘அரவணைப்பு’, அல்லது ‘அனைவரையும் சேர்த்துக்கொள்ளல்’. 1965ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் முதற் பகுதியின்கீழ் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குச் செல்லும் பணத்தைத் ‘தலைப்பு 1 நிதி’ என்று எழுதுகிறார்கள். தலைப்பு என்று அவர்கள் பெயர்த்த டைட்டில், அங்கே சட்டத்தின் பெரும்பிரிவு. அந்தப் பணத்தையே பிணையாக வைத்து, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆறாம் பகுதியை மீறும் பல்வகைமைத் திட்டங்கள் எவையும் தம் பள்ளிகளில் இல்லையென்று கையெழுத்திட்டுத் தருமாறு 2025 ஏப்ரல் 3இல் கூட்டரசின் கல்வித்துறை மாநிலங்களைக் கேட்டது. மறுநாளே நியூயார்க் மறுத்துவிட்டது. அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் கூட்டரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் என்றாலும், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு அது இல்லாமல் ஆகாது.

அம்மாதம் 24ஆம் நாள் கல்வித்துறையின் நடவடிக்கைகளுக்குத் தடை விதித்த நீதிமன்றங்களுள் நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம், தடுக்கப்படும் பல்வகைமைத் திட்டம் எதுவென்றே துறை வரையறுக்கவில்லை என்று குறை கண்டது. மூலமொழியிலேயே விளிம்பு மங்கிய சொல்லைப் பெயர்ப்பவர், இரு மடங்கு கவனமாக அல்லவா இருக்க வேண்டும்? நம்மவர்களோ அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

அதே வாக்கியத்தைப் பல்வகைமை என்று மாற்றி எழுதி ஆசிரியையிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டுமுறை படித்தார். “எல்லாவிதப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிற விஷயமா? அதற்கா பணத்தை நிறுத்துகிறார்கள்?” என்றார்.

“ஏறக்குறைய அதுதான் டீச்சர்” என்றேன்.