மாத்திரையை வெளியேற்றும் கதவும் அதில் சிக்கிக்கொள்ளும் செடிச் சரக்குகளும்

ஹப்புத்தளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். ஹக்கல பூங்கா 1861இல், மலேரியா மருந்தான குயினைனைப் பட்டையில் கொண்ட சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது என்று வகுப்பில் சொன்னாராம். உடனே ஒரு பிள்ளை எழும்பி, “மலேரியாக் கிருமிக்கு மாத்திரை எல்லாம் பழகிப் போச்சாமே டீச்சர், அப்போ பழையபடி அந்தப் பட்டையையே அவிச்சுக் குடிச்சா சரிவருமா?” என்று கேட்டிருக்கிறது. “சரிவராது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். நான் சொன்னது சரிதானே?” என்கிறார்.

அவித்துக் குடிப்பது சரிவராது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விட்டிருக்கலாம். கிருமிக்குப் பழகிப்போன மருந்தை ஒரு செடிச் சரக்கின் துணையோடு மறுபடி வேலை செய்ய வைக்க முடியுமா என்று ஆய்வுகூடங்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

சிங்கோனா நம் மலைக்கு வந்த கதை பலருக்கும் தெரியும். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. தவித்த துரைமார் தேயிலையோடு சிங்கோனாவையும் நட்டார்கள். 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் மலையாகக் குவிய, விலை சரிந்தது; ஜாவா முந்திக்கொண்டது; மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். இதில் ஒரு கசப்பும் உண்டு. நுவரெலியாக் குளிரில் ஒட்டுண்ணி நுளம்புக்குள் வளர்ந்து முடிவதே கஷ்டம். காய்ச்சல், தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரைப் பிடித்ததெல்லாம் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்த காட்டு வழியில்தான். 1934-35இல் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோன கொள்ளைநோயும் கேகாலை, குருநாகல் பக்கம்தான் அதிகமாக அடித்தது. மருந்து விளைந்த இடம் ஒன்று, அது தேவைப்பட்ட இடம் வேறொன்று.

நுளம்பு கடித்து, ஒட்டுண்ணி ஈரலில் பெருகி, பிறகு செங்குருதிக் கலத்துக்குள் நுழைவது வரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதன் பிறகு நடப்பதுதான் சுவையானது. உள்ளே போன ஒட்டுண்ணி ஈமோகுளோபினைத் தின்கிறது. தின்பதற்கென்று அதனிடம் ஒரு பை இருக்கிறது: உணவுப் புன்வெற்றிடம். உள்ளே அமிலம். புரதம் செரித்துவிடும், ஆனால் இரும்பைச் சுமந்த ஹீம் என்ற மிச்சம் செரிக்காது. அது ஒட்டுண்ணிக்கே நஞ்சு. ஆகவே ஹீமை ஒன்றோடொன்று அடுக்கிப் பளிங்காக்கி ஒதுக்கி வைக்கிறது. சாயமிட்ட இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒட்டுண்ணியின் நடுவே பழுப்பாக ஒரு துகள் தெரியும். அதுதான் இந்தக் குப்பை.

கிருமிக்குப் பழகிப்போன மருந்துகளில் ஒன்றான குளோரோகுயின் கைவைப்பது இந்தக் குப்பை ஒதுக்கும் வேலையில். அது மென்மையான காரம். மின்னேற்றமில்லாத நிலையில் சவ்வுகளைச் சிரமமின்றிக் கடந்து பைக்குள் போய்விடும். உள்ளே அமிலம் அல்லவா, இரண்டு புரோத்தன்களை ஏற்றுக்கொண்டு இரட்டை நேரேற்றம் பெறுகிறது. ஏற்றம் வந்த மூலக்கூறு கொழுப்பாலான சவ்வைத் திரும்பக் கடக்க முடியாது. எலிப்பொறிதான்: நுழைய வழி உண்டு, திரும்ப வழி இல்லை. இப்படியே சேர்ந்து சேர்ந்து, வெளியில் இருப்பதைப்போலப் பல மடங்கு மருந்து பைக்குள் குவிகிறது. குவிந்தது ஹீமைப் பிடித்துக்கொள்ள, பளிங்கு வளர்வது நிற்கிறது. ஒட்டுண்ணி தன் எச்சிலையிலேயே நஞ்சேறிச் சாகிறது.

பிறகு ஏன் இந்த மருந்து தோற்றது? பையின் சவ்வில் 424 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம் இருக்கிறது, பிஎஃப்சிஆர்டி என்று பெயர். ஒட்டுண்ணியின் அன்றாடப் பிழைப்புக்கு வேண்டிய கதவு அது. அதன் 76ஆவது இடத்தில் இருக்க வேண்டியது லைசின், நேரேற்றம் உள்ளது. இரட்டை நேரேற்றத்தோடு குளோரோகுயின் இந்தக் கதவண்டை வந்தால் நேரும் நேரும் தள்ளும், வழி கிடைக்காது. எதிர்ப்புப் பெற்ற ஒட்டுண்ணியில் அந்த இடத்தில் திரியோனின் இருக்கிறது. அதற்கு ஏற்றம் இல்லை. தள்ளுவதற்கு ஆளில்லாத கதவு வழியே மருந்து வெளியே வழிந்துவிடுகிறது. கூடவே வேறு சில மாற்றங்களும் வேண்டும்தான், ஆனால் இந்த 76 இல்லாமல் கதை நடக்காது. 424இல் ஒன்று மாறியதற்கு ஆபிரிக்காவில் எத்தனை குழந்தைகள் விலை கொடுத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

மருந்து இந்தக் கதவு வழியேதான் போகிறது என்று காட்டிய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2009இல் வெளிவந்தது, ஆஸ்திரேலியாவில் ரொவெனா மார்ட்டினும் கூட்டாளிகளும் செய்தார்கள். ஒட்டுண்ணியின் பையோ கண்ணுக்கே தெரியாதது, அதற்குள் எதை அளப்பது? தவளை முட்டையை எடுத்தார்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒற்றைக் கலம். அந்தக் கதவுப் புரதத்தை முட்டையின் வெளிச்சவ்விலேயே முளைக்க வைத்து, முட்டையை அமிலக் கரைசலில் போட்டார்கள். இப்போது வெளியே இருக்கும் கரைசல்தான் பையின் உட்புறம். முட்டையின் உட்புறம்தான் பைக்கு வெளிப்புறம். குளோரோகுயினைக் கலந்து பார்த்தபோது, மாறிய புரதம் இருந்த முட்டை அதை உள்ளே இழுத்தது. மாறாத புரதம் இருந்த முட்டை இழுக்கவில்லை. உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்!

கதவு இருக்கிறதென்றால் அதை அடைக்கவும் முடியும். இதற்கு வெகு முன்பே, 1987இல், வெராபமில் என்ற இதய மருந்தைச் சேர்த்தால் குளோரோகுயினுக்குப் பணியாத ஒட்டுண்ணியும் பணிகிறது என்று கண்டிருந்தார்கள். கசகசாச் செடியின் பப்பாவெரின் என்ற சரக்கை ஒட்டி வேதியியலாளர் உருவாக்கியது வெராபமில். ஆனால் கதவை அடைக்கத் தேவையான அளவைக் கொடுத்தால் நோயாளியின் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். மூக்கொழுகினால் நாம் போடும் பிரிட்டோன் குளிசைக்குள் இருக்கும் குளோர்ஃபெனிரமினுக்கும் இந்தக் குணம் உண்டு. நைஜீரியாவில் குழந்தைகளுக்கு அதைக் குளோரோகுயினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் பலனும் கிடைத்தது.

செடிகளிடம் வருவோம். 1980களில் மடகஸ்கார் மலைநாட்டில் மலேரியா திரும்பி வந்து வெட்டிச் சாய்த்தது, மருந்துக்கும் தட்டுப்பாடு. அங்குள்ளவர்கள் கிடைத்த கொஞ்சக் குளோரோகுயினோடு ஒரு செடியின் கசாயத்தையும் குடித்தார்கள். நம் எட்டிமரத்துக்குச் சொந்தக்காரச் செடி அது. அதிலிருந்து பிரித்தெடுத்த மலகஷனின் என்ற சரக்கு தனியாக ஒட்டுண்ணியை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. குளோரோகுயினோடு சேர்ந்தால் மருந்தை உள்ளே தங்க வைக்கிறது. கிருமியைக் கொல்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் இந்தச் செடியை அன்றே குப்பையில் போட்டிருப்பார்கள். சீனத்து மூலிகைக் கொடி ஒன்றின் வேரில் கிடைக்கும் டெட்ராண்டிரினும் இப்படித்தான் குளோரோகுயினுக்குத் துணை நிற்கிறது. அந்தக் கொடி, நாம் தடிமனுக்குக் கொத்தமல்லியோடு அவிக்கும் மரமஞ்சளின் குடும்பம். சொந்தக்காரச் செடி என்பதால் மரமஞ்சளும் அதையே செய்யும் என்று யாரும் தாவ வேண்டாம். அதிலுள்ள பெர்பெரின் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறுவதே சொற்பம்.

சிங்கோனாப் பட்டையிலும் குயினைன் தனியாக இல்லை. குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்று கூடப்பிறந்தவை உண்டு. 1866 முதல் 1868 வரை மதராஸ் மாகாணத்தில் நோயாளிகளிடம் சோதித்தபோது நான்குமே ஏறக்குறைய ஒரே அளவில் காய்ச்சலைத் தணித்தன. 1988இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் குயினைன், குயினிடின், சிங்கோனின் மூன்றையும் கலந்து பார்த்தார்கள். குயினைனுக்குப் பணியாத ஒட்டுண்ணிகளிடம் தனிச்சரக்கைவிடக் கலவையே மேலாக நின்றது. இது கண்ணாடித் தட்டில் நடந்தது. பட்டையை அவித்தால் எந்தச் சரக்கு எவ்வளவு இறங்கும் என்பது மரத்துக்கு மரம் மாறும். குறைந்தால் ஒட்டுண்ணிக்குப் பயிற்சி, கூடினால் காதில் இரைச்சல், மோசமானால் கண்பார்வைக்கே ஆபத்து. ‘இயற்கை என்றால் பக்கவிளைவு இல்லை’ என்று தகவல் அனுப்புகிறவர்களுக்குக் குயினைனும் இயற்கைதான் என்று யாராவது சொல்லுங்கள்.

2014இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக வேதியியலாளர்கள், மார்ட்டினின் குழுவோடு சேர்ந்து, இரண்டு குயினைன் மூலக்கூறுகளை ஒரு பாலம் போட்டு இணைத்தார்கள். இரட்டைக் குயினைன் கதவுக்குள் போய் மாட்டிக்கொண்டு அதை அடைத்தது, ஒட்டுண்ணியையும் கொன்றது. டெட்ராண்டிரினும் செடியே இரண்டு பாதிகளை இணைத்துச் செய்த இரட்டைச் சரக்குதான்.

நம் நாட்டில் ஆராய்ச்சிக்குப் போகும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அந்தச் சொற்பத்திலும் ‘இந்த இலைச்சாறு இந்தக் கிருமியைக் கொல்கிறது’ என்பதோடு முடிந்துபோகும் ஆய்வுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எந்த மூலக்கூறு, எந்தப் புரதத்தில், எந்த இடத்தில் என்பதுவரை போகக் கருவியும் வேண்டும், ஐந்தாறு வருடத்துக்குச் சம்பளமும் வேண்டும். மலேரியாதான் இல்லையே, எதற்கு என்பார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் கொடுத்தது மெய். அதே வருடம்தான் மன்னாரில் நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகும் புதிய மலேரியா நுளம்பும் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாடு போய் வருகிறவர்களோடு ஒட்டுண்ணியும் வந்துகொண்டே இருக்கிறது.

மாறிய கதவு ஒட்டுண்ணிக்கும் இலவசம் அல்ல, அதன் சொந்த வேலை கெடுகிறது. மலாவி 1993இல் குளோரோகுயினை நிறுத்தியது. சில வருடங்களில் 76ஆம் இடத்தில் லைசின் உள்ள பழைய வகையே திரும்பி வந்தது. மருந்தும் மறுபடி வேலை செய்தது. கம்போடியாவில் வேறொன்று நடந்தது. பிப்பெராகுயின் என்ற மருந்தைத் தோற்கடிக்க ஒட்டுண்ணி இதே கதவின் வேறு இடங்களை மாற்றிக்கொண்டது. அப்படிச் சில மாற்றங்கள் ஏற்பட்டதும் குளோரோகுயினுக்கு அதே ஒட்டுண்ணி மறுபடி பணியத் தொடங்கியது. இரண்டு மருந்துக்கும் ஒரே சமயத்தில் திறந்து கொடுக்கும் கதவை அமைப்பது ஒட்டுண்ணிக்கு எளிதல்ல போலிருக்கிறது. கதவு ஒன்றுக்குத் திறந்தால் மற்றது உள்ளேயே சிக்கும்படி சோடி சேர்ந்த மருந்துகளைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் இப்போது குடைந்துகொண்டிருக்கிறார்கள்.