தொட்டால் கொப்புளிக்கும் தோல்: சுண்டெலிகள் சொன்னதும் சொல்லாததும்

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "இது ஒட்டுமா, டாக்டர்?" என்றுதான். லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பித் தோல் கழன்றுவிடும் நோய் இது. மாசமாக இருந்தபோது எதையோ சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாள் என்று தாயை அதற்குள் நோகடித்திருப்பார்கள். ஒட்டவே ஒட்டாது. தாய் செய்த எதுவும் காரணமில்லை. இப்படி அடித்துச் சொல்ல முடிவதில் மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1991இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலேன் ஃபுக்ஸின் குழு, தோல் செல்லுக்கு உறுதி தரும் கெரட்டின் 14 என்ற புரதத்தின் மரபணுவைப் பழுதாக்கி அதனோடு சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றின் தோல் கொப்புளித்தது. மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் உடைந்திருந்தன. இந்நோயின் வகைகளில் ஒன்றான சிம்ப்ளெக்ஸில் காண்பதும் அதுவே. அந்த எலிகளைப் பார்த்த பிறகு நோயாளிகளிடம் தேடினார்கள். அதே ஆண்டில் அவர்களிடமும் அதே மரபணுவில் பிழை தென்பட்டது.

டிஸ்ட்ரோஃபிக் வகை இன்னும் கொடியது. மேல்தோலை உள்தோலோடு இறுக்கிப் பிடிக்கும் ஏழாம் வகை கொலாஜன் என்ற புரதம் அதில் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். அந்தக் கொலாஜனுக்கான மரபணுவை முழுக்க நீக்கிய சுண்டெலிக் குட்டிகள் இரண்டு வாரத்துக்குள் இறந்தன. அவற்றில் எந்தச் சிகிச்சையையும் சோதித்துப் பார்க்க அவகாசமில்லை. ஆகவே ஜெர்மனி ஆய்வாளர்கள் இயல்பில் சுமார் பத்து சதவீதக் கொலாஜன் மட்டும் உள்ள சுண்டெலிகளை உருவாக்கி 2008இல் வெளியிட்டார்கள். அவை பிழைத்தன. நம் குழந்தைகளுக்கு நேர்வதுபோலவே அவற்றின் விரல்களும் ஒட்டிக்கொண்டன. ஆரோக்கியமான தோல் செல்களைச் செலுத்தியபோது கொலாஜன் கூடித் தோல் உறுதிப்பட்டது. முழு அளவை எட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வலி உணரும் உயிர்களிடமிருந்து கிடைத்த அறிவு இது. அதனால்தான் இதை வீணாக்கக் கூடாது என்கிறேன்.

2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த, புண்ணில் தடவும் மரபணு ஜெல் ஈடுசெய்வதும் இதே கொலாஜனைத்தான்.

'எலிக்குக் குணமாகிவிட்டது' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது மட்டும் பொறுமை வேண்டும். சுண்டெலியின் தோல் மெல்லியது, ரோமம் அடர்ந்தது. அதன் புண் பெரும்பாலும் சுருங்கியே மூடும். இரண்டு மூன்று வருடமே வாழும் பிராணி, பல வருடப் புண்ணில் புற்றுநோய் வருவதை அப்படியே காட்டிவிடாது. அந்தச் செய்தியை நம்பிக் கட்டுப்போடுவதை நிறுத்திய வீடுகள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

எந்த மரபணுவில் பிழை என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரும் பிழையைச் சுமக்கும் வகையானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்த குடும்பங்கள் அடுத்த குழந்தைக்கு முன்பே ஆலோசனை பெறுவது நல்லது. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம். பெரிதாகும் கொப்புளத்தைக் கிருமிநீக்கிய ஊசியால் தாழ்வான இடத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை உரிக்காமல் ஒட்டாத கட்டுத்துணி வையுங்கள். முதல் தடவை செவிலியர் செய்து காட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.