வலிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்

பழைய வண்டியை வீட்டிலேயே பிரித்துப் பூட்டும் ஆசை சென்னையில் நன்றாகவே பரவியிருக்கிறது. அப்பா ஓட்டிய பிக்கப், மாமனார் விட்டுப்போன ஜீப், 2015 வெள்ளத்தில் மூழ்கி அப்படியே நின்றுவிட்ட வேன் என்று ஏதாவது ஒன்று போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. சனிக்கிழமை வந்தால் யூடியூபைப் பார்த்துக்கொண்டே அடியில் படுத்துவிடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான், எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை, ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என் முன்னால் வந்து உட்காரும்போதுதான் எரிச்சல் வருகிறது. அப்படிப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள்கூடப் பரவாயில்லை. எதுவுமே ஆகாததுபோல் இரண்டு மாதம் கழித்து வருகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழித்திரை அறுவை சிகிச்சை என் வேலை. அண்மையில் ஒரு இளைஞர் வந்தார். இரவில் வண்டி ஓட்டும்போது வலது கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். பார்த்தால் வலது கண்மணி இடது கண்ணைவிட விரிந்திருக்கிறது. வெளிச்சம் காட்டினால் சோம்பேறித்தனமாகச் சுருங்குகிறது. கருவிழியில் ஊசிமுனையளவு தழும்பு. "சுத்தியல் வேலை ஏதாவது செய்தீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். கூட வந்திருந்த அவருடைய அக்காவுக்குத்தான் நினைவு வந்தது: "நீ அத்தான் வண்டிக்கு டார்ச் பிடித்தாயே, தம்பி!"

அத்தான் ஒரு டாடா மொபைல் பிக்கப்பைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். 1988இல் வந்த மாடல். இன்று அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷேக்கிள் பின் என்ற இரும்புத் தண்டு துருவேறி இறுகிக் கிடந்திருக்கிறது. உளியை வைத்து அத்தான் சுத்தியலால் ஓங்கி அடிக்க, மைத்துனர் குனிந்து டார்ச் பிடித்திருக்கிறார். கண்ணில் சுருக்கென்றதாம். குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் டார்ச் பிடித்திருக்கிறார். சிடி ஸ்கேன் எடுத்தோம். கண்ணின் உள்ளே, விழித்திரையின் கீழ்ப்பகுதியில், பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி. உளியின் தலையிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு.

"டாக்டர், அன்றைக்கு வலியே இல்லையே" என்றார்.

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். படித்தவர், படிக்காதவர், பட்டறைக்காரர், மென்பொருள்காரர் என்ற வேறுபாடே கிடையாது. வலி இல்லை, சிவக்கவில்லை, பார்வை நன்றாகத்தான் இருந்தது. ஆகவே ஒன்றும் இல்லை. இந்த எண்ணத்தை எப்படித்தான் ஒழிப்பது என்று தெரியவில்லை.

பொறுமையாகவே சொல்கிறேன். வலியை உணரும் நரம்புகள் உடம்பிலேயே மிக நெருக்கமாக இருப்பது கருவிழியில்தான். அதன் மேல் ஒரு தூசு ஒட்டினால் இமை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் உரசும். துடித்துப்போவீர்கள், கண்ணீர் கொட்டும், அன்றே மருத்துவரிடம் ஓடுவீர்கள். அந்த வலி உங்களைக் காப்பாற்றுகிறது. சுத்தியல் சில்லு அந்த வகை இல்லை. பெரும்பாலும் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். ஓரம் பிளேடு கூர்மை. வருகிற வேகத்தில் கருவிழியின் மேல் உட்காராது, துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். துளை சிறியதென்றால் தானே மூடிக்கொள்ளும். இமை உரசுவதற்கு வெளியே எதுவும் மிச்சமில்லை. உள்ளே இருக்கும் லென்சுக்கும் விழித்திரைக்கும் வலி நரம்பு கிடையாது. பிறகு எப்படி வலிக்கும்? பார்வைக்கு நடுவே படாமல் ஓரமாக விழுந்துவிட்டால் எழுத்துகளும் தெளிவாகவே தெரியும். "கழுவினேன் டாக்டர், வெளியே வந்திருக்கும்" என்கிறார்கள். கண்ணுக்குள் போன இரும்பைக் குழாய்த் தண்ணீர் எப்படி வெளியே கொண்டுவரும்?

ஆகவே, சுத்தியல் அடிக்கும்போது சுருக்கென்று ஒரு கணம் குத்திவிட்டு, பிறகு வலியே இல்லையென்றால், அப்போதுதான் அதிகமாகப் பயப்பட வேண்டும்.

உள்ளே போன இரும்பு சும்மாவும் இருக்காது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஆணி போலக் கரைந்து கண் முழுவதும் துருவைப் பரப்பும். கண்மணி விரியும், கண்ணின் நிறம் பழுப்பேறும், புரை விழும், விழித்திரை மெல்லச் செயலிழக்கும். சில வாரங்களில் தொடங்கலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். அதுகூட எங்களுக்கு அவகாசம் தருகிறது. சில்லோடு மண்ணும் கிருமியும் சேர்ந்து போயிருந்தால் ஓரிரு நாளிலேயே கண் சீழ் பிடிக்கும். வண்டிக்கு அடியில் ஒட்டியிருப்பது என்ன? பல வருடச் சேறுதானே. அந்த இளைஞருக்குச் சில்லை எடுத்துவிட்டோம். பார்வை முழுவதுமாகத் திரும்பவில்லை.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை கருவிகளுடையது அன்று, உங்கள் வாயினுடையது. பயிற்சி மருத்துவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே "இரும்பின் மேல் இரும்பு அடித்தாரா என்று கேள்" என்பதைத்தான். நீங்களோ வீட்டில் திட்டுவார்கள் என்று "பைக்கில் போகும்போது பூச்சி விழுந்தது" என்கிறீர்கள். அந்தப் பொய்க்கு நாங்கள் சொட்டு மருந்து எழுதித் தருகிறோம். பொய்க்கு ஏற்ற வைத்தியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு அறுக்கும் கிரைண்டரில் பறக்கும் பொறி கருவிழியில் ஒட்டினால் சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு வளையம் கட்டிவிடும். அதைக் கைக்குட்டை நுனியாலோ ஊசியாலோ எடுத்துவிடும் நிபுணர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தயவுசெய்து அவரிடம் கண்ணைக் கொடுக்காதீர்கள். வெல்டிங் ஒளி பட்டால் அப்போது தெரியாது, நள்ளிரவில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், கூலிங் கிளாஸ் அதைத் தடுக்காது. அதற்காக மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தால் கருவிழி புண்ணாகிக் கரையும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பேட்டரி ஆசிட்டோ பெயிண்ட் உரிக்கும் காரமோ தெறித்தால் மட்டும் ஆட்டோ தேடாதீர்கள். முதலில் குழாயடியில் அரை மணி நேரம் இமையை விரித்துக் கழுவுங்கள், பிறகு கிளம்புங்கள். ஆசிட்டைவிடக் காரம் மோசமானது.

இனி வாங்க வேண்டியது. அசல் ஹெட்லைட் வளையத்துக்காகப் புதுப்பேட்டைச் சந்துகளில் வாரக்கணக்கில் அலைகிறவர்கள், பாரிமுனை ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாலிகார்பனேட் கண்காப்பை வாங்க யோசிக்கிறார்கள். இசட்87 (Z87) அல்லது ஈஎன் 166 (EN 166) என்ற பாதுகாப்புத் தரக்குறி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் படுத்துத் துரு சுரண்டுவதென்றால் நான்கு பக்கமும் மூடியது வேண்டும்; உதிர்வது நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பவர் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. கிரைண்டருக்குக் கண்காப்பின் மேல் முகக்கவசமும் போடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும் சக்கரத்தின் மூடியை "இடிக்கிறது" என்று கழற்றி எறிகிறவர்களை என்ன சொல்ல? அடித்து அடித்துத் தலை நசுங்கி ஓரம் விரிந்த உளியைச் சாணை பிடிக்காமல் தொடாதீர்கள். பதம் ஏற்றிய பின்னைச் சுத்தியலால் நேரடியாக அடிக்காமல் நடுவே பித்தளைக் கட்டை வையுங்கள். எந்தப் பழைய மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கண்காப்பு ஒன்று போதாது. டார்ச் பிடிக்கிறவருக்கும் ஒன்று வாங்குங்கள். கையை ஓங்கும்போது உங்கள் முகம் தள்ளி இருக்கிறது, அவர் முகம்தான் அருகே இருக்கிறது.

சுருக்கென்று குத்திவிட்டதா? தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள். காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாமல் மேலே வைத்து ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். எதுவும் சாப்பிட வேண்டாம், அன்றே மயக்கம் கொடுக்க நேரலாம். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடித்த இரும்புத் துண்டோ உளியோ கிடைத்தால் கையோடு எடுத்து வாருங்கள், எந்த உலோகம் என்று தெரிந்தால் எங்களுக்கு உதவும். நாளைக்கு முதுகுவலிக்காகவோ தலைவலிக்காகவோ யாராவது எம்ஆர்ஐ எழுதித் தந்தால், "முன்பு ஒரு நாள் கண்ணில் இரும்பு பட்டது" என்று அந்த அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே இருப்பது காந்தம்.