புரோட்டின் டப்பா: முதலில் யாருக்கு என்று சொல்லுங்கள்

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மருந்தகத்தில் புரோட்டின் டப்பாக்களுக்கு இப்போது தனி அலமாரியே இருக்கிறது. ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பையன்களும் அதன் முன்னால் நிற்பார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து தாத்தாவை வீட்டுக்குக் கூட்டி வந்தவர்களும் நிற்பார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அண்ணே, இதுல எது நல்லது?" யார் குடிக்கப்போகிறார், அவருக்கு என்ன நோய், நேற்று என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள். விலையைச் சொன்னால் போதாதா என்ற நினைப்பு.

அந்த அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பாலிலிருந்து வந்தவை. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 3.3 கிராம் புரதம் உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின், மீதி ஒரு பங்கு வே. சீஸ் ஆலையில் பாலை உறைய வைக்கும்போது கட்டியாகத் திரள்வது கேசின். வடிந்து போகும் மஞ்சள் கலந்த நீரில்தான் வே இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த நீரைப் பன்றிக்கு ஊற்றினார்கள், வயலில் கொட்டினார்கள். இன்று அதை வடிகட்டி, உலர்த்தி, டப்பாவில் அடைத்து, பாலை விடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் மாடு கட்டிப் பால் கறந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அதை வாங்குகிறார்கள்.

வே மாவில் கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்று இரண்டு பெயர் அடிக்கடி கண்ணில் படும். நல்ல கான்சன்ட்ரேட்டில் 80 விழுக்காடு புரதம். ஐசோலேட்டில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும், பால் சர்க்கரையான லாக்டோஸ் அநேகமாக இருக்காது. 30 கிராம் கரண்டி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 24 கிராமுக்கும் 27 கிராமுக்கும் உள்ள வித்தியாசம்தான். அரை முட்டை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பால் குடித்தால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு ஆகும் என்பவர்களுக்கு மட்டும் ஐசோலேட்டுக்கு அர்த்தம் உண்டு. அவர்களிலும் பலருக்கு 80 விழுக்காடு கான்சன்ட்ரேட் ஒத்துக்கொள்ளும். ஒரு கிளாஸ் பாலில் 12 கிராம் லாக்டோஸ் என்றால், அந்தக் கரண்டி மாவில் இரண்டு கிராம் வந்தாலே அதிகம்.

ஏமாறுகிற இடம் வேறு. 'வே பவுடர்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது வே புரோட்டின் ஆகாது. அந்த மஞ்சள் நீரை அப்படியே உலர்த்திய தூள் அது. அதில் புரதம் 12 விழுக்காடு அளவில்தான் இருக்கும், எழுபது விழுக்காட்டுக்கு மேல் லாக்டோஸ். மலிவாக இருக்கிறதே என்று அது கலந்த மாவை வாங்கி, இரண்டு நாள் வயிறு கடாமுடா என்று கிடந்து, 'எனக்கு புரோட்டின் ஒத்துக்காது' என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹைட்ரோலைசேட் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. நொதி போட்டுப் புரதத்தை முன்கூட்டியே துண்டாக்கியது. கசக்கும், விலை கடிக்கும். நம் ஊரில் அது தேவைப்படுகிற ஆளை அபூர்வமாகத்தான் சந்திக்கிறேன். இதைப் பால் ஒவ்வாமைக்கு மருந்து போலச் சிலர் நினைக்கிறார்கள், அது ஆபத்து. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது வேறு, பால் புரதத்துக்கே ஒவ்வாமை வேறு. இரண்டாவது வகையினருக்கு உடம்பில் தடிப்பு வரும், உதடு வீங்கும், மூச்சுத் திணறலும் வரலாம். அவர்களுக்கு இந்த அலமாரியில் உள்ள பால் வகை எதுவுமே கூடாது. 'பால் இல்லாதது' என்று விற்கும் சில காப்பி கிரீமர்களில்கூட சோடியம் கேசினேட் இருக்கிறது, அதுவும் பால் புரதமே.

இனி சூடு. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, திறந்த டப்பாவோடு கடைக்கு வந்தார். கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஜொகூரில் வேலை செய்யும் மகன் விலை உயர்ந்த ஐசோலேட் வாங்கி அனுப்பியிருக்கிறான். வழக்கம் போல மைலோவுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு கரண்டி மாவைப் போட்டிருக்கிறார். வெள்ளை வெள்ளையாகக் கட்டி கட்டி, ரப்பர் மாதிரி மிதந்திருக்கிறது. "கெட்டுப்போன மாவ மகன் தலைல கட்டிட்டானுங்க தம்பி" என்றார்.

மாவு கெட்டிருக்கவில்லை. வே புரதம் 70 டிகிரி தாண்டினால் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கேசின் கொதிநிலையையும் தாங்கும், பாலைப் பொங்கக் காய்ச்சினாலும் திரியாமல் இருப்பது அதனால்தான். கட்டி தட்டினால் சத்து போய்விடாது, ஆனால் எழுபது வயது மனிதர் அதை விழுங்க மாட்டார். மாவை முதலில் கொஞ்சம் ஆறிய தண்ணீரில் கரைத்துக்கொண்டு, குடிக்கிற சூட்டுக்கு ஆறிய மைலோவில் ஊற்றுங்கள் என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன்: இந்த டப்பா தீர்ந்ததும் அதையே மறுபடி வாங்க வேண்டாம், கொழுப்பு நீக்கிய சாதாரணப் பால் மாவு வாங்குங்கள், கஞ்சியிலும் கலக்கலாம், தேயிலும் கலக்கலாம். அதில் 100 கிராமுக்கு 35 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கேசினும் வேயும் பாலில் இருந்த விகிதத்திலேயே இருக்கும், சூட்டுக்கும் அசையாது. எலும்பு முறிந்தவருக்கு வேண்டிய கால்சியமும் அதில் நிறைய. ஐசோலேட்டில் கால்சியம் குறைவு, அதைப் பாலுக்குப் பதிலாக எண்ணக் கூடாது. பேரங்காடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் மாவுக்கு என் அலமாரியை விட்டுக்கொடுக்கிறேன் என்று மனைவி திட்டுவாள். பரவாயில்லை.

கேசின் மாவை ராத்திரியில் குடிக்க வேண்டும் என்று ஜிம் பையன்கள் சொல்வார்கள். அதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. 1997இல் பிரான்சில் செய்த ஆய்வில், வே குடித்தவர்களுக்கு ரத்தத்தில் அமினோ அமிலம் (புரதம் செரித்துக் கிடைக்கும் துண்டு) சட்டென்று ஏறி இறங்கியது, கேசின் குடித்தவர்களுக்கு மெதுவாக, பல மணி நேரம் நீடித்தது. வயிற்று அமிலத்தில் கேசின் தயிர் போல உறைவதால் அப்படி. சரி, உண்மைதான். ஆனால் நாள் முழுக்க எவ்வளவு புரதம் உள்ளே போகிறது என்பதற்கு முன்னால் இந்த வேகக் கணக்கு சின்ன விஷயம். காலையில் ரொட்டி சானாய், மதியம் சோறும் குழம்பும், சாயங்காலம் மீ கோரேங் என்று ஓடுகிறவனுக்கு நடுராத்திரி கேசின் என்ன செய்யும்?

வயதானவர்கள் விஷயத்தில் வேக்கு ஒரு சாதகம் உண்டு. தசையைக் கட்டத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் கேசினை விட வேயில் அதிகம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளுக்கு வேண்டும் என்பது இப்போதைய பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. பல் இல்லாமல் ரசம் சோறும் பிஸ்கட்டும் சாப்பிடுகிறவர் பாதியைக்கூடத் தொட மாட்டார். அவருக்கு ஆறிய பானத்தில் ஒரு கரண்டி வே நியாயமான செலவு.

டப்பாவின் பின்பக்கத்துக்கு வருவோம். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைப்படி, சேர்மானங்களை அதிக எடையுள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். 'ஊட்டச்சத்து பானம்' என்று தாத்தா பாட்டி சிரிக்கும் படம் போட்ட டப்பாக்களில் முதல் பெயர் பல நேரம் மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்து, இனிப்பாகத் தெரியாது, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸ் போலவே விறுவிறுவென ஏறும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது, இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சாப்பாடே இறங்காத நோயாளிக்கு அந்த மாவுச்சத்தும் தேவைதான், அவருக்காகச் செய்த பானத்தைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தெம்புக்கு என்று மேலே இரண்டு கிளாஸ் குடிப்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். தேநீரில் ஊற்றும் கட்டிப் பாலான சூசு டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் கலந்த கிரீமர். தேயில் அதை நாலு கரண்டி ஊற்றினால் புரதக் கணக்கில் ஒன்றும் சேராது.

விலையையும் புரதத்தை வைத்தே பாருங்கள். 900 கிராம் ஊட்டச்சத்து பான டப்பா 90 வெள்ளி, 100 கிராமில் 16 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் புரதம் 62 சென். அதே எடை வே 150 வெள்ளி, 78 விழுக்காடு புரதம் என்றால் கிராமுக்கு 21 சென். முட்டை ஒன்று 50 சென் என்றாலும் கிராமுக்கு 8 சென்தான்.

சிறுநீரகம் பாதித்தவர்கள் என்னிடமோ இணையத்திலோ கேட்டு வாங்கவே கூடாது. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள், தொடங்கியவருக்குக் கூட்டச் சொல்வார்கள். ஒரே நோய், எதிரெதிர் ஆலோசனை. பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கும் டப்பாவைப் பார்த்து வாங்கினால் இங்கே விபரீதம். பாஸ்பரஸ் வேறு இருக்கிறது: கேசினோடு அது ஒட்டியே வரும், பால் மாவில் பொட்டாசியமும் சேர்ந்து வரும். அந்த அம்மாவின் கணவருக்கு நான் சொன்ன அதே பால் மாவு இவர்களுக்கு ஆகாமல் போகலாம். ஐசோலேட்டில் பொதுவாக இவை குறைவு, ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளோடு அரசாங்க மருத்துவமனை உணவியல் அதிகாரியைப் பாருங்கள்.

மாத்திரைகளையும் மறக்க வேண்டாம். தைராய்டுக்கான லெவோதைராக்சின், கிருமிக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளோக்சசின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரே கையில் மாத்திரையும் புரோட்டின் கிளாஸும் வேண்டாம். எத்தனை மணி நேரம் தள்ளிக் குடிப்பது என்று மருந்து வாங்கும்போதே கேளுங்கள்.

மருந்துகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் 'மால்' பதிவு எண் இல்லையே, இது கள்ளச் சரக்கா என்றும் கேட்கிறார்கள். புரோட்டின் மாவு பெரும்பாலும் உணவு என்ற கணக்கில் வருவதால் அந்தப் பதிவு எண் இருக்காது. ஆனால் இனிப்பு நீரைக் குணமாக்கும், கிட்னியைக் கழுவும் என்று அதே டப்பாவைக் காட்டி யாராவது உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினால், தே கொடுத்து அனுப்பிவிடுங்கள். புரதத்தின் அளவிலும் மோசடி நடக்கும். வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறது. 2008இல் சீனாவில் அம்பலமானபடி, நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைப் பாலில் கலந்தது அந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். இப்போது கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைத் தூவி எண்ணை ஏற்றுகிறவர்கள் உண்டு. சேர்மானத்தில் அந்தப் பெயர்கள் தனியாகத் தெரிந்தால் நான் அந்தச் சரக்கை எடுப்பதில்லை.

அளவையும் பார்த்து வாங்குங்கள். சலுகை விலை என்று ஐந்து பவுண்டு டப்பாவைத் தூக்கிப் போகிறார்கள். அது 2.27 கிலோ, தாத்தா நாளுக்கு 30 கிராம் குடித்தால் 75 நாள் வரும். நம் ஊர் ஈரக்காற்றில், ஈரக் கரண்டி நாலு தடவை உள்ளே போனால் மாவு இறுகும், கான்சன்ட்ரேட்டில் உள்ள கொஞ்சக் கொழுப்பு காறலடிக்கத் தொடங்கும். ஒருவர் மட்டும் குடிப்பதாக இருந்தால் சின்ன டப்பாவே வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளே வியர்க்கும்.