கடைப் பட்டியலில் குலைந்துபோன பெயர்கள்

ரங்கூனில் பருப்பு வியாபாரம் செய்யும் என் மாமாவின் கடைக் கணினியில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதால் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன். "மாப்ள, பட்டியல்ல ஒரு பேரும் படிக்க முடியல. வைரஸா?"

போய்ப் பார்த்தேன். தொகை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. பர்மிய எழுத்தில் இருந்த வாடிக்கையாளர் பெயர்கள் மட்டும் குலைந்து கிடந்தன. ஒரு எழுத்தின் காலடியில் இன்னொன்று, நடுநடுவே புள்ளிகளால் ஆன வெற்று வட்டங்கள்.

வைரஸும் இல்லை, கோப்பும் கெடவில்லை. கணினி சேமிப்பது எழுத்தை அல்ல, எண்ணை. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பொது அட்டவணைதான் யூனிகோடு. பர்மிய எழுத்து 1999-இலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் பர்மிய எழுத்தை முறையாக அடுக்கிக் காட்டும் வசதி விண்டோஸ் 8 வரும்வரை விண்டோஸோடு சேர்ந்து வரவில்லை. அந்த இடைவெளியில் நாடெங்கும் பரவியது ஜோஜி என்ற எழுத்துரு. பர்மியக் கதைகளில் ஜோஜி என்பவர் ரசவாதம் தெரிந்தவர், நம் சித்தர்களைப் போல.

ஜோஜி, யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை எடுத்துக்கொண்டு பலவற்றுக்கு வேறு பொருள் கொடுத்தது. சிக்கலின் வேர் இதுதான்: மாமாவின் பழைய பெயர்கள் ஜோஜியில் தட்டியவை, புதிய விண்டோஸ் அவற்றை யூனிகோடாகப் படித்தது.

தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். யூனிகோடு சேமிப்பதோ 'க' முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது இயங்குதளத்தின் வேலை. பர்மியத்திலும் இப்படி ஒரு இடப்பக்கக் குறி உண்டு. ஜோஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே குறியை முதலில் சேமித்தது. நம் பழைய தமிழ் எழுத்துருக்கள் செய்ததும் இதுவே. புதிய விண்டோஸ் அந்தக் குறியைப் பார்த்ததும் அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்க்கப் பார்க்கிறது. குறி வேறு எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது வெற்று வட்டத்தில் தொங்குகிறது.

அப்புறம், நம் புள்ளியைப் போல மெய்யைக் காட்டும் 'அதத்' என்ற குறி. ஜோஜியில் அதன் எண் 1039. யூனிகோடில் அதே 1039-க்கு 'அடுத்த எழுத்தைக் கீழே அடுக்கு' என்று பொருள். பெயர்களில் எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சரிந்தது இதனால்தான்.

அப்படியானால் ஜோஜியிலேயே இருந்திருக்கலாமே என்று மாமா கேட்டார். பர்மாவின் சிறுபான்மை இனங்களான ஷான், மொன், கரேன் மக்களின் எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களையும் ஜோஜி பர்மிய வடிவங்களுக்கே செலவழித்துவிட்டது. ஜோஜி இருக்கும் கணினியில் அவர்கள் தங்கள் மொழியை ஒழுங்காக எழுத முடியாது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. நாடு 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது நல்ல முடிவு.

சரி, இனி செய்ய வேண்டியது. இயங்குதளத்தை அழித்து மறுபடி ஏற்றினால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் கோளாறு அதில் இல்லை. முதலில் கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெயரை ஜோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் ஒட்டிப் பாருங்கள். பெயர் தெளிவாக வந்தால் நோய் இதுதான்.

உடனே முழுப் பட்டியலையும் மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதை ஜோஜி என்று நினைத்து மாற்றினால் நல்ல எழுத்தும் கெடும். மாமாவின் பட்டியலில் அந்த ஆபத்து இருந்தது: பழைய பெயர்கள் ஜோஜி, கடைப் பையன் போனிலிருந்து சேர்த்தவை யூனிகோடு. இரண்டுக்கும் எண்கள் பொது என்பதால் ஒரு எண்ணை மட்டும் பார்த்து இது எது என்று சொல்ல முடியாது. எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் வருவது இயல்பு என்ற நிகழ்தகவைக் கணக்கிட்டு ஊகிக்கும் நிரல்கள் உண்டு. குறுகிய பெயர்களில் அவையும் தடுமாறலாம், அதனால் வரி வரியாகச் சரிபார்த்தோம்.

மாற்றி முடித்ததும் மாமா ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தட்டித் தேடினார். பழைய பாக்கியும் புதிய பாக்கியும் முதன்முறையாக ஒரே தேடலில் வந்தன. ஆனால் கோப்புகளின் பெயர்கள் இன்னும் ஜோஜியில்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் மாற்ற இருவரும் மதியம் முழுக்க உட்கார்ந்தோம்.