மீதி மாத்திரையோடு வருகிறவர்கள்

நாய் இறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சிலர் கிளினிக்குக்குத் திரும்பி வருவார்கள். கையில் ஒரு பை இருக்கும். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, பிரிக்காத மருந்து பாட்டில், சில சமயம் கழுத்துப்பட்டை. "வேற எந்த நாய்க்காவது உதவுமே டாக்டர்" என்று மேசைமேல் வைப்பார்கள். வாங்கிக்கொள்வேன். அதோடு வந்த வேலை முடிந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்க மாட்டார்கள். பையின் காதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "ஒரு வாரம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பானா?"

கால்நடை மருத்துவராக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். தடுப்பூசி பற்றிய கேள்விகள்கூட இதற்கு அடுத்துத்தான்.

நம் மொழியே இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும். மனிதர் என்றால் 'தவறிவிட்டார்', 'காலமானார்'. நாய் என்றால் 'செத்துப்போச்சு'. பன்னிரண்டு வருடம் 'அவன்', 'இவள்' என்று வளர்த்தவர்கள், வெளியாரிடம் செய்தி சொல்லும்போது மட்டும் சட்டென்று 'அது' என்று மாறிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம். "நாய்க்குப் போயா லீவு கேக்கறே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

இப்படி ஊர் அங்கீகரிக்காத துக்கத்துக்கு 1989-இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் ஒரு பெயரே வைத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஆனால் அழுவதற்கான உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தருவதில்லை. யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. வெளியே வராத அழுகை எங்கும் போய்விடுவதும் இல்லை.

"ஒரு நாய்க்கு இவ்வளவா?" என்று உள்ளூர நினைக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1914-இல் ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்ற இடத்தில் ஒரு புதைகுழி கிடைத்தது. ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழமை. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, குட்டிக்கு நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நோய் வந்த குட்டியைக் காப்பாற்றுவது இன்றைக்கும் எங்களுக்குக் கஷ்டம். மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளாமல் அது பல வாரங்கள் தாக்குப்பிடித்திருக்காது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வேட்டைக்கும் உதவாத, நோயாளிக் குட்டி. அதைத் தங்களோடு புதைத்துக்கொண்டார்கள்.

2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் பிணைப்பை உண்டாக்கும் அதே ஹார்மோன். சரி, ஹார்மோனை விடுங்கள். காலையில் எழுந்ததும் கதவைத் திறப்பது, நடைக்குப் போவது, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது, சாப்பிடும்போது ஓரத்தில் ஒரு கவளம் எடுத்து வைப்பது என்று ஒரு நாளில் இருபது இடங்களில் அந்த நாய் இருந்திருக்கிறது. அந்த இருபது இடத்திலும் தினமும் இடறுகிறோம். நகம் தரையில் படும் சத்தம் கேட்டதாகத் திரும்பிப் பார்ப்பது பைத்தியம் இல்லை. காது பழகிய பழக்கம், கொஞ்ச நாளில் குறையும்.

ஆனால் மாத்திரைப் பையோடு வருகிறவர்களை வாட்டுவது பிரிவு மட்டும் இல்லை, குற்றவுணர்வும்தான். நாய் வாய் திறந்து எதுவும் சொல்லாது, எல்லா முடிவையும் நாமே எடுத்தோம், ஆகவே தப்பும் நம்முடையதே என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. இந்தக் கணக்கைச் சரிபார்க்க மருத்துவ உண்மை உதவும். சிறுநீரகத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும். அதுவரை நாய் ஓடும், குரைக்கும், பந்தைக் கொண்டுவரும். மண்ணீரலில் வரும் சில புற்றுக்கட்டிகள் உள்ளே வெடித்து ரத்தம் கசியும்வரை வெளியில் எதையும் காட்டாமல் இருப்பது சகஜம். வலியை மறைப்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள். நான் கையால் அழுத்திப் பார்த்தும் எனக்கே பிடிபடாமல் போனவை உண்டு.

எல்லாச் சமயமும் 'உங்க மேல தப்பே இல்ல' என்று சொல்லிவிடவும் முடியாது. கால் நொண்டுகிறது என்று மனிதர்களுக்கான வலி மாத்திரை ஐபுப்ரோஃபெனைப் பல நாள் கொடுத்து, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்புமாக வந்த நாயைப் பார்த்திருக்கிறேன். அதைக் கொடுத்த பெண், "நான் கொடுத்த மாத்திரையாலயா?" என்று நேராகக் கேட்டார். "ஆமாம், அதுவும் ஒரு காரணம்" என்றேன். பொய் சொன்னால் வீட்டுக்குப் போய் அவரே தேடிப் படித்துவிடுவார், அப்போது துணைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். வலி தாங்காத நாயைப் பார்க்க முடியாமல்தான் கொடுத்தார், தெரியாமல் கொடுத்தார். அதையும் சொன்னேன். அவருக்கு அன்று இரண்டும் கேட்க வேண்டியிருந்தது.

கருணைக்கொலை என்ற சொல்லும் பாரத்தைக் கூட்டுகிறது. முன்னால் கருணை இருந்தாலும், கையெழுத்துப் போட்டவர் காதில் விழுவது பின்னால் இருக்கும் கொலைதான். அந்த நாளில் நடப்பது இதுதான்: பெரும்பாலும் முதலில் மயங்க வைக்கும் ஊசி, பிறகு ரத்தக்குழாய் வழியாக அதிக அளவு மயக்க மருந்து. சில நிமிடங்களுக்குள் மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாது, திறந்தே இருக்கும். சிறுநீர் போகலாம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல உடல் அசையலாம். உணர்வு ஏற்கெனவே போய்விட்டது, அது வெறும் அனிச்சை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதை முன்கூட்டியே சொல்லத் தவறிய ஒரு குடும்பம் உண்டு. அந்தக் கடைசி அசைவைப் பார்த்து, "உயிர் இருக்கு, உயிர் இருக்கு" என்று அவர்கள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் நிற்க முடியாதவர்கள் வெளியே நிற்கலாம், அதற்காக யாரும் அவர்களைக் குறைத்து நினைக்கத் தேவையில்லை.

'எப்போது' என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஓர் அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், நிலைமை நன்றாக இருந்தால் கூடுதல். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அதன் கணக்கு. கணக்குப் போட அலுப்பாக இருந்தால் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடச் சொல்வேன். பின்னாளில் "அவசரப்பட்டுட்டோமோ" என்ற கேள்வி வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.

குழந்தைகளிடம் "தூங்க வைச்சுட்டோம்" என்று சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு அது இதமான பேச்சு. நாலு வயதுக் குழந்தை அன்று ராத்திரி தூங்கப் பயப்படும். இறந்தால் திரும்பி வராது என்பது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் புரியத் தொடங்கும். "உடம்பு வேலை செய்யறத நிறுத்திருச்சு, இனிமே வலிக்காது, திரும்பி வராது" என்று சொன்னால் போதும். திரும்பத் திரும்பக் கேட்பார்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதுவும் சாப்பாட்டைக் குறைக்கும், அதிகம் தூங்கும், உங்களையே ஒட்டிக்கொண்டு திரியும். இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள், துக்கம் என்று நாம் நினைப்பது நோயாகவும் இருக்கலாம்.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டத் துக்கம் ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தேட வேண்டாம். அடுத்த நாய் எப்போது என்பதற்கும் என்னிடம் கணக்கு இல்லை. பழையவனின் பெயரை அதற்கு வைக்கத் தோன்றினால் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். ஒன்று முக்கியம்: வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய், வேலைக்குப் போக முடியாமல், 'நானும் இருந்து என்ன' என்ற எண்ணம் வந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அந்த எண்ணம் வந்தால் அன்றைக்கே. நாய் மட்டுமே துணையாக இருந்த, தனியாக வாழும் பெரியவர்களிடம் இதை யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்து விசாரிக்க வேண்டும்.

சரி, 'முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா' என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற ஒருவர், இதய நோயால் இறந்த நாயின் மாத்திரைகளோடு ஒரு நோட்டையும் கொண்டுவந்தார். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதச் சொல்லியிருந்தோம். 30-ஐத் தாண்டினால் எங்களைக் கூப்பிட வேண்டும். தினமும் ராத்திரி பத்து மணிக்கு 22, 24, 23 என்று பதினான்கு மாதம் எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "34 வந்த அன்னைக்கே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். விட்டுட்டேன்" என்றார்.

கோப்பைத் திறந்தேன். அதே தேதியில் இரவு பத்தே காலுக்கு அவர் கூப்பிட்டிருந்தார். நீர் பிரியும் மாத்திரையை அதிகப்படுத்தச் சொல்லி என் கையெழுத்திலேயே குறிப்பு இருந்தது. அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

மாத்திரைகளை என்னிடம் விட்டுவிட்டு நோட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று, "இப்பவும் பத்து மணியானா கை தானா வாட்ச்சைத் திருப்புது டாக்டர்" என்றார்.